காருக்கு ஃபுல், வீட்டுக்கு ஒன்றுமில்லை: யாழ்ப்பாணத்தில் காப்புறுதியைத் தெரிவு செய்வது எப்படி?

யாழ்ப்பாணத்தில் ஒரு வீட்டுக்குப் போய், எதெதற்கு இன்சூரன்ஸ் போட்டிருக்கிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். கார் லீசிங்கில் எடுத்ததென்றால் அதற்கு ஃபுல் இன்சூரன்ஸ் இருக்கும், ஏனென்றால் லீசிங் கொம்பனி விடாது. மோட்டார் சைக்கிளுக்குத் தேர்ட் பார்ட்டி இருக்கும், ஏனென்றால் அது இல்லாமல் வாகன வரி அனுமதிப்பத்திரம் எடுக்க முடியாது. வீட்டுக்கு? வங்கியில் கடன் இருந்தால் ஏதோ ஒரு பத்திரம் கோப்புக்குள் கிடக்கும். கடன் இல்லையென்றால் அதுவும் இல்லை. யாரோ கட்டாயப்படுத்திய இடத்தில்தான் காப்புறுதி இருக்கிறது. நாங்களாக யோசித்து எடுத்தது அரிது.

இந்த ஒழுங்கு தலைகீழானது என்பது என் கருத்து. கார் முற்றாக நொறுங்கிப் போனால் குடும்பம் கஷ்டப்படும்தான், ஆனால் பஸ்ஸிலும் ஸ்கூட்டியிலும் வாழ்க்கை ஓடும். வீடு எரிந்தால் அப்படி ஓடாது. பெரும்பாலான வீடுகளில் தகப்பனின் சேமிப்பு, வெளிநாட்டுப் பிள்ளை அனுப்பிய காசு, தாயின் சீதனக் காணி எல்லாம் அந்த ஒரே கூரைக்குக் கீழேதான் இருக்கின்றன.

எங்கள் ஆட்கள் வீட்டுக் காப்புறுதியை நம்பாததற்குக் காரணம் இருக்கிறது. ஷெல் விழுந்து உடைந்த வீடுகளுக்குக் காப்புறுதியிலிருந்து ஒரு சதமும் வரவில்லை என்பதைப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். அது உண்மைதான். யுத்தத்தால் வரும் சேதத்தைச் சாதாரண வீட்டுக் காப்புறுதி ஏற்பதில்லை, பெரும்பாலான நாடுகளில் இதே நிலைதான். ஆனால் இப்போது எங்கள் வீடுகளுக்கு வரும் ஆபத்துகள் வேறு. 2008 நவம்பரில் நிஷா, 2020 டிசம்பரில் புரெவி, 2024 நவம்பரில் பெங்கல் என்று புயலோடு வந்த மழையும் வெள்ளமும், அதோடு மின்னல், மின் ஒழுக்கு, களவு. இவற்றில் பலவற்றைக் காப்புறுதியால் ஈடுசெய்ய முடியும். அந்தப் பழைய அனுபவத்தை வைத்து இன்றைய முடிவை எடுக்கக் கூடாது.

அடுத்தது அளவுகோல். இரண்டு பத்திரங்களை ஒப்பிடும்போது எல்லோரும் முதலில் கட்டணத்தைப் பார்க்கிறார்கள். அதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: என் கைக்காசில் தாங்க முடியாத இழப்பு எது? சைட் மிரர் உடைந்தால் தாங்கலாம். ரோட்டில் ஒருவர் இறந்து, நீதிமன்றம் நட்டஈடு கட்டச் சொன்னால் தாங்க முடியாது. காப்புறுதி முதலில் போக வேண்டிய இடம் அது.

வாகனம்: தேர்ட் பார்ட்டியா, ஃபுல்லா?

மோட்டார் போக்குவரத்துச் சட்டம் கட்டாயப்படுத்துவது தேர்ட் பார்ட்டியை மட்டுமே. உங்கள் வாகனத்தால் வேறொருவர் இறந்தால், காயப்பட்டால், அவருக்குச் சேர வேண்டிய நட்டஈட்டை நிறுவனம் பொறுப்பேற்கும். இந்தப் பகுதிக்குத் தொகை வரம்பு இல்லை. அதனால் தேர்ட் பார்ட்டியை வெறும் பேப்பர் என்று நினைப்பது தவறு. தாங்க முடியாத மிகப் பெரிய இழப்பை அதுதான் பார்த்துக்கொள்கிறது.

ஆனால் மற்றவரின் சொத்துக்கு, அதாவது அவரது வாகனம், மதில், கடை முகப்பு போன்றவற்றுக்கு, வரம்பு உண்டு. அந்தத் தொகை பத்திரத்தில் எழுதியிருக்கும், பெரும்பாலானோர் பார்ப்பதில்லை. ஆஸ்பத்திரி வீதியில் ஒரு புது ஹைபிரிட் காரின் முன்பக்கத்தில் உங்கள் ஓட்டோ மோதியது என்று வையுங்கள். ஒரு ஹெட்லைட், ஒரு பம்பர், உள்ளே ஒரு சென்சர். இவற்றின் விலையே வரம்பைத் தாண்டிவிடலாம். தாண்டிய தொகை உங்கள் தலையில்தான். மேலதிகமாகக் கொஞ்சம் கட்டி இந்த வரம்பைக் கூட்ட முடியுமா என்று கேளுங்கள். தேர்ட் பார்ட்டியோடு நிற்பது என்று முடிவெடுத்தவர்கள் கட்டாயம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது.

தேர்ட் பார்ட்டி தொடாத இன்னொன்று நீங்கள்தான். மோட்டார் சைக்கிளில் போய் மாட்டில் மோதி விழுந்து கால் உடைந்தால் அந்தப் பத்திரத்தில் உங்களுக்கு எதுவும் இல்லை. கனடாவில் இருக்கும் உறவினர் இதைக் கேட்டால் நம்பமாட்டார். ஒன்ராறியோவில் பிழை யாருடையதாக இருந்தாலும், காயப்பட்டவருக்கு அவருடைய சொந்த வாகனக் காப்புறுதியே சிகிச்சைச் செலவு என்று ஏதோ ஒன்று தரும். இங்கே அந்த முறை இல்லை. யாழ் போதனா வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம், ஆனால் மேசன் வேலைக்குப் போகிறவர் மூன்று மாதம் வீட்டில் படுத்தால் அந்த வருமானத்தை யார் தருவது? சாரதிக்கும் பின்னால் இருப்பவருக்கும் தனிநபர் விபத்துக் காப்பு என்று ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம். மோட்டார் சைக்கிள்காரருக்கு, என்னைக் கேட்டால், ஃபுல்லை விட இது முக்கியம். வண்டியின் பெறுமதியை விட ஓட்டுகிறவரின் உழைப்பு பெரிது.

ஃபுல் இன்சூரன்ஸ் என்பது மேலே சொன்ன தேர்ட் பார்ட்டியோடு உங்கள் வாகனத்துக்கு விபத்து, தீ, களவு ஆகியவற்றால் வரும் சேதத்தையும் ஏற்பது. முகவர் “எல்லாம் கவர் ஆகும் அண்ணை, யோசியாதேங்கோ” என்பார். எல்லாம் கவர் ஆகாது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

பதினைந்து வருடப் பழைய கார். விபத்தில் பாகங்களுக்கு 2 இலட்சம், கூலிக்கும் பெயின்டுக்கும் 1 இலட்சம், மொத்தம் 3 இலட்சம் செலவு என்று வைப்போம். பழைய பாகத்துக்குப் புதுப் பாகம் போடுவதால் தேய்மானம் என்று ஒரு வீதத்தைக் கழிப்பார்கள். வாகனத்தின் வயது கூடக் கூட அந்த வீதமும் கூடும். இங்கே 35 வீதம் என்று எடுத்தால் 70,000 ரூபா போய்விட்டது. எக்சஸ் என்று ஒவ்வொரு கோரிக்கையிலும், அதாவது கிளெய்மிலும், முதலில் நீங்கள் ஏற்க வேண்டிய பங்கு ஒன்று உண்டு. அது 15,000 என்றால் கைக்கு வருவது 2,15,000. 85,000 ரூபாவை நீங்களே போட வேண்டும். அதோடு, கோரிக்கை இல்லாமல் ஓடிய வருடங்களுக்குக் கட்டணத்தில் கிடைத்துவந்த போனஸ் கழிவும் அடுத்த முறை குறையும் அல்லது இல்லாமல் போகும். சின்னக் கீறலுக்கெல்லாம் கிளெய்ம் பண்ணுகிறவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதில்லை. 20,000 ரூபா வேலைக்குக் கோரிக்கை வைத்து, அதைவிடப் பெரிய கழிவை இழக்கிறார்கள்.

ஆகவே இரண்டு நிறுவனங்களின் கட்டணத்தை ஒப்பிடும்போது தேய்மானக் கழிவு எத்தனை வீதம், எக்சஸ் எவ்வளவு, கண்ணாடிக்கு வரம்பு எவ்வளவு என்ற மூன்றையும் பக்கத்தில் எழுதுங்கள். வருடக் கட்டணத்தில் 5,000 ரூபா மிச்சம் பிடித்து, விபத்தில் 50,000 இழப்பது இந்த இடத்தில்தான் நடக்கிறது.

வெள்ளத்தையும் தனியாகக் கேளுங்கள். சில பத்திரங்களில் அது உள்ளே இருக்கும், சிலவற்றில் மேலதிகமாகக் கட்டிச் சேர்க்க வேண்டும். இருந்தாலும் ஒரு நிபந்தனை: தண்ணீர் ஏறிய எஞ்சினை ஸ்டார்ட் பண்ணக் கூடாது. உள்ளே தண்ணீரை இழுத்து எஞ்சின் உடைந்தால், அது வெள்ளத்தால் வந்த சேதமா ஓட்டுநரின் செயலால் வந்ததா என்ற வாதம் தொடங்கிவிடும். ஒழுங்கைக்குள் தண்ணீர் நின்றால் காரை அப்படியே விட்டு, படம் எடுத்து, அழைப்பு எடுத்துச் சொல்லிவிட்டு இருங்கள்.

கலவரம், வேலைநிறுத்தம், பயங்கரவாதம் என்பதும் இலங்கையில் தனிக் காப்பு. அதற்கென்று தனியாகக் கட்டணம் அறவிட்டு, தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியம் அந்த ஆபத்தை ஏற்கிறது. 2022 மே மாதம் ஒரே இரவில் எத்தனையோ வீடுகளும் வாகனங்களும் எரிந்ததைப் பார்த்தோம். பத்திரத்தில் அந்த வரி இருக்கிறதா என்று பார்ப்பது ஒரு நிமிட வேலை.

மற்றவை தெரிந்ததுதான்: லைசென்ஸ் இல்லாதவர் ஓட்டினால், மது போதையில் ஓட்டினால், தனிப்பட்ட பாவனைக்கு என்று பதிந்த வானை ஹயருக்கு விட்டால் கோரிக்கை விழுந்துவிடும். கடைசியாகச் சொன்னது எங்கள் ஊரில் நிறைய நடக்கிறது. வெளிநாட்டிலிருந்து வந்தவர்களை விமான நிலையத்துக்குக் கொண்டுபோய் விடும் வீட்டு வான், நல்லூர்த் திருவிழாவுக்கு ஆள் ஏற்றும் வீட்டு வான், இவை காசுக்கு ஓடுகிறதென்றால் பத்திரத்திலும் அப்படிப் பதிய வேண்டும்.

அப்படியென்றால் எது? லீசிங் இருந்தால் தெரிவே இல்லை, ஃபுல்தான். இழப்பீட்டுத் தொகையும் முதலில் லீசிங் கொம்பனிக்குப் போய், மிச்சம்தான் உங்களுக்கு. லீசிங் இல்லாத பழைய காருக்குத் தேர்ட் பார்ட்டி போதும் என்று வெளிநாட்டில் இருப்பவர்கள் ஆலோசனை சொல்வார்கள். அங்கே அது சரி. பதினைந்து வருடக் கார் அங்கே பழைய இரும்பு விலை. இங்கே 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. இடையில் 2022இல் ரூபாவும் விழுந்தது. பழைய காரின் விலை இறங்காமல் ஏறியது. களவு போனால் அதே போல ஒன்று வாங்கப் பல இலட்சம் வேண்டும். ஆகவே கார் எத்தனை வருடப் பழையது என்று பார்க்காதீர்கள், இன்று விற்றால் என்ன விலை என்று பாருங்கள். அந்தத் தொகை உங்கள் சேமிப்பின் பெரும் பங்கு என்றால் ஃபுல். ஷெட்டுக்குள் நிற்கிற, கோயிலுக்கு மட்டும் வெளியே வருகிற மொறிஸ் மைனருக்கு அந்தளவு தேவையில்லை.

காப்புறுதித் தொகையையும், அதாவது பத்திரத்தில் எழுதிய வாகனப் பெறுமதியையும், புதுப்பியுங்கள். ஐந்து வருடத்துக்கு முந்திய பெறுமதியில் அப்படியே ஓடிக்கொண்டிருக்கும் பத்திரங்கள் நிறைய. கூட்டிப் போட்டாலும் பிரயோசனமில்லை, இழப்பு நடந்த அன்றைய சந்தை விலைக்கு மேல் தரமாட்டார்கள்.

வீடு: எந்தளவுக்கு?

வீட்டுக்கு இருக்கும் தெரிவுகளை மூன்றாகச் சொல்லலாம். ஒன்று, தீயும் மின்னலும் மட்டும். இரண்டு, அதோடு புயல், வெள்ளம், மரம் விழுதல், வாகனம் மோதுதல், குழாய் வெடித்தல் போன்றவற்றைச் சேர்த்தது. மூன்று, வீட்டுக்குள் இருக்கும் பொருட்களுக்கும் களவுக்கும் தனிக் காப்பு. முதலாவது மட்டும் எடுப்பதை எங்கள் பக்கத்துக்கு நான் பரிந்துரைக்கமாட்டேன். சீமெந்து வீட்டில் தீயை விடப் புயலும் வெள்ளமும்தான் அடிக்கடி வருகின்றன.

வங்கிக் கடனோடு வந்த பத்திரம் இருக்கிறது, அது போதும் என்பவர்களுக்கு ஒரு கணக்கு. வீட்டை இன்று திரும்பக் கட்ட 2 கோடி வேண்டும். கடன் 80 இலட்சம் என்பதால் வங்கி அந்தத் தொகைக்கே காப்புறுதி எடுக்க வைத்திருக்கிறது. புயலில் கூரை போய் 10 இலட்சம் சேதம். 80 இலட்சத்துக்குள்தானே, முழுவதும் வரும் என்று நினைப்பீர்கள். வராது. வீட்டின் பெறுமதியில் 40 வீதத்துக்குத்தான் காப்புறுதி இருக்கிறது, ஆகவே சேதத்திலும் 40 வீதம்தான் தருவோம் என்று சொல்லும் சராசரி வாசகம் பெரும்பாலான பத்திரங்களில் இருக்கிறது. 4 இலட்சம், அதில் எக்சஸ் கழித்து மிச்சம். 2022இல் சீமெந்தும் கம்பியும் விலையேறியதில், அதற்கு முன் சரியான தொகைக்குப் போட்டவர்களும் இப்போது இந்தக் குழிக்குள்தான் நிற்கிறார்கள்.

தொகையைத் தீர்மானிக்கும்போது காணி விலையைச் சேர்க்காதீர்கள். நல்லூரில் பரப்பு என்ன விலை போனாலும் காணி எரியாது, புயலில் பறக்காது. திரும்பக் கட்டும் செலவு மட்டும் போதும். மேசனிடமோ வரைபடம் கீறியவரிடமோ சதுர அடிக்கு இன்று என்ன செலவு என்று கேட்டுப் பெருக்குங்கள். பிறகு மதில், கேற், கிணற்றுக் கட்டு, வெளிக் குளியலறை, தண்ணீர்த் தாங்கி, கூரையில் போட்ட சோலர் ஆகியவை கட்டடம் என்ற சொல்லுக்குள் வருகின்றனவா என்று எழுத்தில் கேளுங்கள். சோலரை விடுபட விடாதீர்கள், அதன் விலை ஒரு அறையின் விலை.

ஏற்கும் சேதத்துக்கும் ஏற்காததுக்கும் நடுவில் இருக்கும் கோடு எவ்வளவு மெல்லியது என்பதை 2024 மழைக்குப் பிறகு தெரிந்தவர்கள் வீடு ஒன்றில் பார்த்தேன். ஒரே அறையில் இரண்டு சுவர்களிலும் நீர்க்கறை. ஒரு சுவருக்கு மேலே வேப்பங்கொப்பு விழுந்து ஓடு உடைந்திருந்தது. மற்றச் சுவருக்கு மேலே ஓடு நன்றாக இருந்தது, பழைய பீலி உக்கிப்போய்த் தண்ணீர் உள்ளே இறங்கியிருந்தது. மதிப்பீட்டுக்கு வந்தவர் ஏணியில் ஏறி, இரண்டு பக்கத்தையும் படம் எடுத்து, முதல் சுவரை எழுதினார், இரண்டாவதை எழுதவில்லை. காற்றோ மரமோ திறந்த வழியால் வந்த மழைநீர் சேதம், பராமரிக்காமல் விட்ட வழியால் வந்தது தேய்மானம். கறையான் தின்ற வளை, உவர் ஏறிக் கழன்ற சுவர்ப்பூச்சு, கடற்காற்றில் துருப்பிடித்த கம்பி எல்லாம் இந்த இரண்டாவது வகைதான். எந்த நிறுவனத்திடம் போனாலும் இதில் பெரிய வித்தியாசம் இருக்காது. மாரிக்கு முன் பீலியையும் கூரையையும் படம் எடுத்துத் திகதியோடு வைத்திருங்கள். கொப்பு விழுவதற்கு முன் ஓடு நன்றாகத்தான் இருந்தது என்பதை அந்தப் படம் சொல்லும்.

களவுக் காப்பில் மூன்று இடங்களில் ஆட்கள் ஏமாறுகிறார்கள். முதலாவது, உடைத்து உள்ளே வந்த தடயம் வேண்டும். திறந்து கிடந்த கதவால் வந்து அலுமாரியில் இருந்ததை எடுத்துப் போனால் பணம் வராமல் போகலாம். இரண்டாவது, நகைக்குத் தனி வரம்பு. தாலிக்கொடி, காப்பு, சங்கிலி என்று வீட்டில் இருப்பதன் மொத்தத்துக்கு அந்த வரம்பு கிட்டவும் வராது. அந்தளவு நகை இருந்தால் வங்கிப் பெட்டகம்தான் சரி, காப்புறுதியை நம்பி வீட்டில் வைக்காதீர்கள். மூன்றாவது ஆளில்லாத வீடு. தொடர்ந்து பெரும்பாலும் 30 நாள் வீடு பூட்டிக் கிடந்தால் களவு உள்ளிட்ட சில காப்புகள் நின்றுவிடும். லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருப்பவர்களின் வீடுகள் வருடக்கணக்கில் பூட்டிக் கிடக்கும் ஊர் இது. பக்கத்து வீட்டுக்காரர் வந்து விளக்குப் போடுவது குடியிருப்பு ஆகாது. வீடு ஆளில்லாமல் இருக்கும் என்று எடுக்கும்போதே எழுத்தில் சொல்லி, அதற்கேற்ற நிபந்தனையோடு வாங்க வேண்டும். கட்டணம் கூடும், பரவாயில்லை. சொல்லாமல் குறைந்த கட்டணம் கட்டுவது கட்டாததற்குச் சமன்.

காணி உறுதி யாரின் பெயரில் என்பதும் எங்கள் ஊரின் சிக்கல். தாயின் பெயரில் இருக்கும் வீட்டுக்கு மகன் தன் பெயரில் காப்புறுதி எடுக்கிறார். சீதனமாக மகளுக்கு எழுதிய வீட்டுக்குத் தகப்பன் பழைய பத்திரத்தையே புதுப்பிக்கிறார். எங்கள் மரபுச் சட்டமான தேசவழமைப்படி சீதனச் சொத்து பெண்ணுக்கு உரியது. அந்தச் சொத்தில் சட்டப்படி உரித்து இல்லாதவர் பெயரில் பத்திரம் இருந்தால் இழப்பு நேரத்தில் அதுவே முதல் கேள்வியாக வரும். வாகனத்திலும் இப்படித்தான், பெயர் மாற்றாமல் கைமாறிய கார்கள் எத்தனையோ ஓடுகின்றன. வாடகைக்கு இருப்பவர் கட்டடத்துக்கு எடுக்கத் தேவையில்லை, தன் பொருட்களுக்கு மட்டும் எடுத்தால் போதும்.

ஒரே பணம், இரண்டு வழி

கோண்டாவில் பக்கம் ஓய்வுபெற்ற ஆசிரியர் குடும்பம் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். கடன் இல்லாத சொந்த வீடு, பழைய கார், மகளின் ஸ்கூட்டி. வருடத்துக்குக் காப்புறுதிக்கு ஒரு குறிப்பிட்ட தொகைதான் ஒதுக்க முடியும். இன்று ஸ்கூட்டியின் தேர்ட் பார்ட்டி போக அந்தத் தொகை முழுவதும் காரின் ஃபுல் காப்புறுதிக்குப் போகிறது, வீட்டுக்குப் பூச்சியம். பெறுமதியோடு ஒப்பிட்டால் வீட்டுக் காப்புறுதியின் கட்டண வீதம் வாகனத்துடையதை விட மிகக் குறைவு. அதனால் காரின் எக்சஸைக் கொஞ்சம் கூட்டச் சம்மதித்து, அதில் குறையும் கட்டணத்தை வீட்டுக்குத் திருப்பினால், தீயோடு புயலும் வெள்ளமும் சேர்ந்த கட்டடக் காப்பில் ஒரு நல்ல பங்கை அது சுமக்கும். சின்ன இடிபாடுகளை அவர்களே பார்த்துக்கொள்வார்கள், பெரியது வந்தால் இரண்டு பக்கமும் ஆள் இருக்கும். ஸ்கூட்டிக்குத் தேர்ட் பார்ட்டியோடு மகளுக்குத் தனிநபர் விபத்துக் காப்பு. பொருட்களுக்கான காப்பைக் கடைசியாக, பணம் மிஞ்சினால் பார்க்கலாம்.

காரை வைத்து உழைக்கும் குடும்பத்துக்கு இந்தக் கணக்கு மாறும். அங்கே கார் நின்றால் அடுப்பும் நிற்கும், ஆகவே ஃபுல்லில் எக்சஸ் குறைவாகவே இருக்கட்டும், வீட்டுக்குக் கட்டடத்தை மட்டும் போடலாம்.

எதை எடுத்தாலும் முன்மொழிவுப் படிவத்தை முகவர் நிரப்ப விட்டுக் கீழே கையெழுத்து மட்டும் போடாதீர்கள். அதில் எழுதிய ஒவ்வொரு பதிலுக்கும் நீங்கள்தான் பொறுப்பு. வீட்டில் கடை நடத்துவதையோ முன்பு வெள்ளம் வந்ததையோ மறைத்தால் பத்திரமே செல்லாமல் போகலாம். பத்திரம் ஆங்கிலத்தில் வந்தால் விலக்குகள் இருக்கும் பக்கத்தைத் தமிழில் விளக்கச் சொல்லுங்கள், முக்கியமான பதிலைக் கடிதமாகவோ மின்னஞ்சலாகவோ வாங்குங்கள். வாயால் சொன்னது கோரிக்கை நாளில் நிற்காது.

விபத்தென்றால் வாகனத்தை நகர்த்த முன் நிறுவனத்தின் இலக்கத்துக்கு அழைப்பு எடுங்கள். ஆளுக்குக் காயம் என்றால் முதலில் ஆஸ்பத்திரி, உடனே பொலிஸ். களவுக்கும் பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி இல்லாமல் எதுவும் நகராது. கோரிக்கையை மறுத்தால் காரணத்தையும் பத்திரத்தின் எந்த வாசகத்தின் கீழ் என்பதையும் எழுத்தில் கேளுங்கள். முதலில் நிறுவனத்துக்குள்ளேயே மேன்முறையீடு, அதிலும் சரிவரவில்லையென்றால் இப்படியான பிணக்குகளை விசாரிக்கும் காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடமும் இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவிடமும் முறைப்பாடு செய்யலாம். அங்கே போகும்போது கையில் இருக்க வேண்டியவை பத்திரம், கட்டிய ரசீதுகள், படங்கள், மறுத்த கடிதம்.